அந்த ‘வண்ணக் கண்ணாடி’ குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளை ஒட்டித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் லிடார் பற்றிய கட்டுரை வந்திருந்தது. செல்போன் விமர்சனத்துக்கே ஒதுக்கிவிட்ட பக்கத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததும் காபியைக்கூட மறந்துவிட்டு வாசித்தேன். லேசர் ஒளி வானத்துக்குப் போகிறது, தூசியிலும் காற்று மூலக்கூறுகளிலும் பட்டுச் சிதறுகிறது, சிதறியதில் கொஞ்சம் திரும்பி வருகிறது, தொலைநோக்கி பிடிக்கிறது, போய்வந்த நேரத்தை வைத்து உயரம் கணக்கிடப்படுகிறது என்று எழுதியிருந்தவர் சரியாகவே எழுதியிருக்கிறார். படமும் நன்றாக இருந்தது.

நான்காவது பத்தியின் கடைசி வரியில்தான் எனக்கு வயிறு எரிந்தது. ‘வெளிச்சத்தைக் குறைக்க, இடையில் ஒரு வண்ணக் கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கும்.’

ஐயா, அந்த ‘வண்ணக் கண்ணாடி’யோடு நான் 20 வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவன். ஓர் ஆய்வகத்தில் லிடார் பிரிவின் தொழில்நுட்ப உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றேன். விஞ்ஞானி இல்லை, ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை. ஆய்வகத்தின் பெயர் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். கீழே சொல்லப்போகும் சம்பவத்தில் வருகிறவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

முதலில் அது வண்ணக் கண்ணாடியா என்று பார்ப்போம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஊதாவில் சுமார் 400 நானோமீட்டரில் தொடங்கி, சிவப்பில் சுமார் 700-இல் முடிகிறது. ஒரு நானோமீட்டரை ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இது சென்னையிலிருந்து கிட்டத்தட்ட திருச்சி வரைக்குமான தண்டவாளம். பச்சை வண்ணக் கண்ணாடி ஒன்றை வைத்தால் அது இந்தத் தண்டவாளத்தில் ஏறத்தாழ 100 கிலோமீட்டரைத் திறந்துவிடும். எங்கள் லிடாரில் இருந்த ஃபில்டர் திறந்துவிட்டது 300 மீட்டர், அதாவது 0.3 நானோமீட்டர். ஒரு ரயில் நிலையத்தின் பிளாட்பாரம். இன்னும் உயர்ந்த ரகத்தில் எட்டலான் என்று ஒன்று உண்டு; அது வெறும் 30 மீட்டரைத் திறக்கும், ஒரு பெட்டியின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். லேசர் ஒளி வந்து நிற்பது அந்த ஒரு பெட்டிக்குள். மற்ற தண்டவாளம் முழுக்க நிலா வெளிச்சம், ஊர் விளக்குகளின் வெளிச்சம், பகலானால் சூரிய வெளிச்சம்.

திரும்பி வரும் ஒளி எவ்வளவு சொற்பம் என்பதைத் தங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் (2018 செப்டம்பரில் ஏவியது) சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 10,000 பச்சை லேசர்த் துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பல லட்சம் கோடி ஃபோட்டான்கள் கிளம்புகின்றன. திரும்பி வந்து தொலைநோக்கியில் விழுவது, பனிப்பரப்பு மேல் என்றாலும், பத்துப் பன்னிரண்டு. கடல்மேல் அதுவும் இல்லை. பட்டப்பகலில், வெயிலில் மின்னும் பனிக்கு நடுவே இந்தப் பன்னிரண்டை அடையாளம் காண வேண்டும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளையைத் தேடுவதுபோல என்று சொல்ல வருகிறேன். அதுகூடச் சரியில்லை, பிள்ளையாவது அழும். ஆகவே அங்கே இருக்கும் ஃபில்டர் வெளிச்சத்தைக் ‘குறைக்க’ வந்தது இல்லை. அது இல்லாமல் அந்தக் கருவி பகலில் குருடு.

இனி என் சம்பவம்.

எங்களிடம் இருந்தது என்டி-யாக் லேசர். அதன் அகச்சிவப்பு ஒளியின் அதிர்வெண்ணை ஒரு படிகம் இரட்டிப்பாக்கி 532 நானோமீட்டர்ப் பச்சையாக மாற்றும். அதற்கென்று ஓர் இன்டர்ஃபெரன்ஸ் ஃபில்டர் வெளிநாட்டிலிருந்து வந்தது. பழைய ஒரு ரூபாய் நாணயம் இருக்குமே, சரியாக அந்த அகலம். கண்ணாடிமேல் நானோமீட்டர்க் கணக்கில் மிக மெல்லியதாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படலங்கள் பூசியிருப்பார்கள். எந்தச் சாயமும் கிடையாது. ஒளி இந்தப் படலங்களுக்குள் எதிரொலித்து, தனக்குத்தானே கூடியும் கழிந்தும், ஒரே ஓர் அலைநீளம் மட்டும் மறுபக்கம் வரும். மற்றதெல்லாம் திரும்பிவிடும். அதனால் பார்ப்பதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். சாய்த்தால் புறாக் கழுத்துபோல நிறம் மாறும்.

வந்த ஃபில்டரோடு இருந்த தாளில், மையம் 532.5 என்று போட்டிருந்தது. எங்கள் லேசர் 532.1. தண்டவாளக் கணக்கில் 400 மீட்டர் தள்ளி, வேறு பிளாட்பாரம். திருப்பி அனுப்பலாம் என்றால் இன்னொரு வருடம் ஆகும். ஆனால் இந்த வகை ஃபில்டரில் ஒரு வசதி உண்டு. ஒளி வரும் திசைக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்தால், அது திறக்கும் சன்னல் குறைந்த அலைநீளப் பக்கம் நகரும். எப்போதும் அந்தப் பக்கம்தான், மறுபக்கம் நகராது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வாங்கும்போதே மையத்தைக் கொஞ்சம் மேலே வைத்து வாங்குவார்கள். எங்களுக்குத் தேவைப்பட்ட சாய்வு நாலரை டிகிரி. கடிகாரத்தின் பெரிய முள் 45 விநாடியில் நகரும் அளவு.

சாய்வை அளந்து வைக்க மைக்ரோமீட்டர் திருகு வைத்த தாங்கி ஒன்று தேவை என்று எழுதிக் கொடுத்தேன். கோப்பு கணக்குப் பிரிவுக்குப் போய், ‘கண்ணாடி ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டது, அதைச் சாய்க்கத் தனிக் கருவி ஏன்?’ என்று பச்சை மையில் கேள்வியோடு திரும்பியது. இரண்டாம் முறை அனுப்பினேன். அது இன்றுவரை எங்கோ பயணத்தில் இருக்கிறது.

ஆகவே நான் என் ஊர்க்காரன் புத்தியைப் பயன்படுத்தினேன். ஒரு தீக்குச்சியை எடுத்து, மருந்தைச் சீவி எறிந்துவிட்டு, அரை அங்குலத் துண்டாக நறுக்கி, ஃபில்டரின் ஒரு விளிம்புக்கு அடியில் வைத்து வளையத்தைத் திருகிவிட்டேன். 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் உயர்ந்தால் எத்தனை டிகிரி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். சிக்னல் பிரமாதமாக வந்தது. தாங்கி வரும்வரை இருக்கட்டும் என்று விட்டேன். ஐந்து வருடம் இருந்தது. பதிவேட்டில் எழுதவில்லை. தீக்குச்சி என்று எழுதக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நான் ஊருக்கு வந்துவிட்டேன். பூஜை முடிந்த மறுநாள் ராத்திரி எட்டரைக்குப் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அழைப்பு. ஆராய்ச்சி மாணவர்.

“அண்ணே, சிக்னல் இல்லண்ணே.”

“லேசர் போகுதா?”

“போகுதுண்ணே. பச்சையா மேல தெரியுது.”

“டெலஸ்கோப் மூடிய எடுத்தீங்களா தம்பி?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. மனத்தாங்கல். “எடுத்துட்டோம்ணே.”

அக்டோபரில் தெளிந்த வானம் கிடைப்பதே அபூர்வம். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன் கிடைக்கும் நாலைந்து ராத்திரிகளை நம்பித்தான் அந்தத் தம்பியின் ஆய்வேடு இருந்தது. முதல் ராத்திரி லேசரின் ஃப்ளாஷ் விளக்கை மாற்றினார்கள். இரண்டாம் ராத்திரி, கற்றையும் தொலைநோக்கியும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லையோ என்று விடியவிடிய கண்ணாடிகளைத் திருகினார்கள். நன்றாக இருந்த அலைன்மென்டும் கெட்டது. மூன்றாம் ராத்திரி, திரும்பி வரும் ஒளியை உணரும் போட்டோமல்டிப்ளையர் போய்விட்டது என்று முடிவு செய்து, உயர் மின்னழுத்தத்தை ஏற்றிப் பார்த்தார்கள். ஒருவரும் ஃபில்டர் பெட்டியைத் திறக்கவில்லை. அதில் என்ன கெட்டுப்போக முடியும்? வெறும் கண்ணாடிதானே.

நான் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன். ஃபில்டர் பெட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும் அழகாக இருந்தன. திறந்தேன். உள்ளே பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. தீக்குச்சியைக் காணோம். புதிதாக வந்திருந்த உதவியாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“உள்ள ஒரு தீக்குச்சி கெடந்துச்சுங்க. எவனோ பீடி பத்த வச்சுட்டுப் போட்டிருக்கான்னு எடுத்து எறிஞ்சுட்டேன். கண்ணாடியும் கோணலா இருந்துச்சு, நேரா வச்சுட்டேன்.”

அவரை என்ன சொல்வது? சுத்தம் செய்யச் சொன்னார்கள், செய்தார். கற்பூரம் ஏற்றிய அதே தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்தேன். அன்று ராத்திரி தம்பி திரையில் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார, நான் ஒவ்வொரு முறையும் ஷட்டரை மூடி, பிளேடால் குச்சியை மயிரிழை மயிரிழையாகச் சீவி வைத்துப் பார்த்தேன். “ஏறுதுண்ணே... இன்னும் ஏறுது... போதும் போதும், இப்ப எறங்குது.” கடைசியாகச் சீவியது அதிகம். அடுத்த குச்சி எடுத்து மறுபடி. மூன்றாவது குச்சியில் பழைய சிக்னல் வந்தது. மணி இரண்டு. மூன்றரைக்கு மேகம் வந்து மூடிக்கொண்டது.

தப்பு என்னுடையது. எழுதி வைக்காதது நான். ஆனால் இதைச் சொல்வது பாவமன்னிப்புக்காக மட்டும் இல்லை. ட்யூன் செய்யக்கூடிய ஃபில்டர் என்றால் என்ன என்று ஒருவருக்கு விளக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. பழைய ரேடியோவில் இலங்கை வானொலியைப் பிடிக்கத் திருகுவோமே, அதே வேலைதான். ஸ்டேஷன் அங்கேயே இருக்கிறது. நம் முள் அதன்மேல் நிற்க வேண்டும். லிடாரில் சிக்கல் என்னவென்றால் ஸ்டேஷனும் நகரும். லேசர் சூடேறினால் அதன் அலைநீளம் கொஞ்சம் விலகும். ஃபில்டர் சூடேறினால் அதன் சன்னல் நீண்ட அலைநீளப் பக்கம் நகரும். எங்களுடையதுபோன்ற பழைய மென்படல ஃபில்டர்களுக்கு ஈரம் வேறு ஆகாது. விளிம்பிலிருந்து தேமல் மாதிரி படர்ந்து உள்ளே வரும். சிலிகா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வைத்து எடுக்க வேண்டும். இப்போது வரும் ஆக்ஸைடு கெட்டிப் படலங்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை.

சன்னல் அகலமாக இருந்தால் இந்த நகர்வெல்லாம் பொருட்டில்லை. குறுகக் குறுகத்தான் தொல்லை. ஆனால் குறுக்கினால்தான் பகலில் பார்க்க முடியும். எட்டலான் அங்கேதான் வருகிறது. பிரான்ஸின் மார்செய் நகரத்தில் ஃபாப்ரி, பெரோ என்ற இருவர் 1890களின் கடைசியில் செய்த கருவி. நன்றாகப் பிரதிபலிக்கும் இரண்டு தட்டைப் பரப்புகளை மிக மிக இணையாக எதிரெதிரே வைத்தால், நடுவில் மாட்டிய ஒளி முன்னும் பின்னும் போய்வரும். இடைவெளிக்குள் அரை அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்கும் ஒளி மட்டும் வெளியேறும். வீணைத் தந்தியில் எந்த மெட்டில் விரலை வைக்கிறோமோ அந்த நீளத்துக்கு உரிய சுரம் மட்டும் பேசுகிறதே, அந்தக் கதை. இடைவெளியை மாற்றினால் சுரம் மாறும். தட்டைச் சூடாக்கி மாற்றலாம். பீசோ படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்து நகர்த்தலாம். இடையில் திரவப் படிகத்தை நிரப்பி, தட்டுகளைத் தொடாமலே, வோல்ட்டை மட்டும் மாற்றி ஒளிவிலகலை மாற்றலாம். பச்சை லேசருக்கு இடைவெளி 266 நானோமீட்டர் மாறினாலே ஒரு முழுச் சுற்று வந்துவிடும். தலைமயிரின் தடிமனில் 200-இல் ஒரு பங்குகூட இல்லை. அங்கே தீக்குச்சி எடுபடாது. (ஒரு துணைத் தகவல்: இந்த ஃபாப்ரிதான் 1913-இல் புய்சோன் என்பவரோடு சேர்ந்து வளிமண்டலத்தில் ஓசோன் படலம் இருப்பதைக் கண்டுபிடித்தவர். அவருடைய கருவி இன்று வளிமண்டலத்தையே அளக்க மேலே போயிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.)

எட்டலான் போட்டால் மற்றவையும் ஒழுக்கமாக வேண்டும். லேசரின் சொந்த அகலம் எட்டலானைவிடப் பெரிதாக இருந்தால் பாதி ஒளி வாசலிலேயே நின்றுவிடும்; ஆகவே அலைநீளம் சிதறாத சின்ன ‘விதை’ லேசர் ஒன்றை வைத்துப் பெரிய லேசரைக் கட்டிப்போட வேண்டும். தொலைநோக்கி தரும் ஒளி கூம்பாக வந்தால், ஓரத்து ஒளி சாய்ந்து நுழைகிறது என்று அர்த்தம். சாய்ந்தால் என்ன ஆகும் என்று தீக்குச்சி சொல்லிவிட்டதே.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஏயோலஸ் செயற்கைக்கோளைத் தங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. 2018 ஆகஸ்டில் மேலே போய், 2023 ஜூலையில் எரிந்து விழுந்தது. விண்ணிலிருந்து உலகம் முழுக்கக் காற்றின் வேகத்தை லேசரால் அளந்த முதல் கருவி அது. எப்படி அளந்தது? 355 நானோமீட்டர் புற ஊதா லேசர். ஒன்றரை மீட்டர் தொலைநோக்கி. கற்றையின் திசையில் காற்று விநாடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால், திரும்பும் ஒளியின் அதிர்வெண் சுமார் 5.6 மெகாஹெர்ட்ஸ் மாறும். அந்த ஒளியின் மொத்த அதிர்வெண் 84 கோடி மெகாஹெர்ட்ஸுக்கு மேல். 84 கோடியில் ஐந்தரையை எந்த டிடெக்டரும் நேரடியாக எண்ணிச் சொல்லாது. இரண்டு ஃபாப்ரி-பெரோ ஃபில்டர்களைத் தராசுத் தட்டுகள் மாதிரி வைத்தார்கள். காற்று மூலக்கூறுகள் சிதறடித்த ஒளி ஒரு சின்னக் குன்றுபோல விரிந்து இருக்கும். குன்றின் இடது சரிவில் ஒன்று, வலது சரிவில் ஒன்று. காற்று அசையாவிட்டால் இரண்டிலும் சமமான ஒளி. ஒரு பக்கம் வீசினால் குன்று நகர்ந்து ஒரு தட்டில் ஒளி ஏறும், இன்னொன்றில் இறங்கும். ஏற்ற இறக்கத்தின் விகிதம்தான் காற்றின் வேகம். அங்கே ஃபில்டர் வெளிச்சத்தைக் குறைக்கவில்லை, எடைபோடுகிறது. 2020 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய வானிலை மையம் அந்த எடையைத் தன் தினசரி முன்கணிப்பில் சேர்த்துக்கொண்டது.

கண்ணாடியே இல்லாத ஃபில்டர்களும் உண்டு. 532 நானோமீட்டருக்குப் பக்கத்தில் அயோடின் ஆவி சில இடங்களில் ஒளியை உறிஞ்சிவிடும். லேசரைச் சரியாக அந்தக் கோட்டின்மேல் நிறுத்தினால், மெதுவாக நகரும் தூசியிலிருந்து வரும் ஒளி அலைநீளம் மாறாமல் வந்து அயோடினில் மாட்டிக்கொள்ளும். தறிகெட்டு ஓடும் காற்று மூலக்கூறுகளின் ஒளி இருபக்கமும் விரிந்திருப்பதால் தப்பித்து வரும். தூசியையும் காற்றையும் பிரித்தாகிவிட்டது. இங்கே ஃபில்டரை லேசருக்கு ஏற்ப ட்யூன் செய்வதில்லை, லேசரை ஃபில்டருக்கு ஏற்ப ட்யூன் செய்கிறார்கள்; மாப்பிள்ளை பெண் வீட்டோடு போன மாதிரி. அடுப்புத் தீயில் உப்புப் பட்டால் மஞ்சளாக எரியுமே, அந்தச் சோடிய மஞ்சளுக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. காந்தப்புலத்தில் வைத்த சோடிய ஆவிதான் ஃபில்டர். 1990களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை வைத்து, எரிகற்கள் விட்டுப்போன சோடிய அணுக்களை, தலைக்கு மேல் 80 முதல் 105 கிலோமீட்டரில், பட்டப்பகலில் பார்த்தார்கள். நமக்குப் பக்கத்தில், திருப்பதியை அடுத்த காதங்கியில் இருக்கும் தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 1998-இல் ஜப்பானோடு சேர்ந்து லிடார் அமைத்தார்கள். அங்கே சோடிய லிடாரும் உண்டு. நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை, ஒரு முறை போய்ப் பார்த்ததுண்டு.

இப்போது, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த உண்மையான காரணம்.

பிப்ரவரி 28 என்று தேதி போட்டு, சர் சி.வி.ராமனின் படத்தையும் மேலே போட்டு, அதற்குக் கீழேயே ‘வெளிச்சத்தைக் குறைக்க ஒரு வண்ணக் கண்ணாடி’ என்று எழுதிவிட்டீர்களே! ராமன் விளைவைக் கண்டுபிடித்ததே இரண்டு ஃபில்டர்கள்தாம். ‘நேச்சர்’ இதழில் 1928 மார்ச் 31-இல் வெளிவந்த சின்னக் கடிதத்தில் அது அப்படியே இருக்கிறது. (அதுவும் ஆசிரியருக்கு எழுதிய கடிதம்தான். என்னுடையதைவிடச் சின்னது.) கல்கத்தாவில், லேசரும் இல்லாத காலத்தில், 18 சென்டிமீட்டர் தொலைநோக்கி லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்து, திரவத்துக்குள் அனுப்பினார்கள். ஒளி போகும் பாதை திரவத்துக்குள் கோடாகத் தெரியும். நீல-ஊதா ஃபில்டர் ஒன்று, மஞ்சள்-பச்சை ஃபில்டர் ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சூரிய ஒளி உள்ளே நுழையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று விடுவதை இன்னொன்று தடுக்கும், கோடு மறைந்துவிடும். இப்போது மஞ்சளை மட்டும் எடுத்துத் திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே வையுங்கள். கோடு மறுபடி தெரிகிறது. உள்ளே போனது நீலம் மட்டும்தான். வெளியே வருவதில் நீலம் அல்லாதது இருக்கிறது. அவ்வளவுதான் சோதனை. சுமார் 60 திரவங்களில் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். நான் ‘எழுதியிருக்கிறார்கள்’ என்று பன்மையில் சொல்வதைக் கவனியுங்கள். அந்தக் கடிதத்தில் இரண்டு கையெழுத்து: ராமன், கே.எஸ்.கிருஷ்ணன்.

கிருஷ்ணன் எங்கள் வத்திராயிருப்பில் பிறந்தவர். பின்னால் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். தங்கள் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. வழக்கமாகவே இருக்காது என்பதால் அதை ஒரு புகாராக வைக்கவில்லை. ஊர்க்காரன் ஆதங்கமாகக் குறித்துக்கொள்ளவும்.

அந்த இரண்டு ஃபில்டர் விளையாட்டு இன்றும் லிடாரில் நடந்துகொண்டிருக்கிறது. 355 நானோமீட்டர் லேசரை மேலே அனுப்பினால், நைட்ரஜன் மூலக்கூறிலிருந்து அலைநீளம் மாறிய ராமன் ஒளி 387-இலும், நீராவியிலிருந்து 408-க்கு அருகிலும் வரும். இரண்டையும் பிரித்து எடுத்து விகிதம் போட்டால், எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று தெரியும். ஆனால் சிதறி வரும் 355, இவற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பலமானது. ஃபில்டர் அந்த 355-ஐக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே அடக்கினால்தான் நீராவி பேசுவது கேட்கும். கொஞ்சம் கசிந்தாலும், இல்லாத ஈரத்தை இருப்பதாகக் காட்டிவிடும்.

ஓய்வுபெற்ற பிறகு பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இதை ஒரு மாதிரி காட்டுகிறேன். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கலக்கித் தெளியவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்தால் திரவம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். மஞ்சள் செலோபேன் தாளை நாலு மடிப்பாக மடித்து டார்ச்சின் முன்னால் பிடித்தால் அணைந்துவிடும். அதே தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தால் டார்ச்சின் ஊதா போய் மஞ்சளின் ஒளி மட்டும் நிற்கும். இது ராமன் விளைவு இல்லை, ஒளிர்வு. அதைவிடப் பல மடங்கு பலமானது, ராமனும் கிருஷ்ணனும் முதலில் கவலைப்பட்டதே இதுதானோ என்றுதான். பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தாளை எந்தப் பக்கம் பிடிக்கிறோம் என்பதில் ஒரு கண்டுபிடிப்பே இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. போன மாதம் ஒரு பெண் கேட்டாள், “தாத்தா, ரெண்டு பக்கமும் பிடிச்சா?” அடுத்த வாரம் வந்து செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அச்சில் திருத்தம் போட இடமில்லாவிட்டால், இணையப் பதிப்பிலாவது அந்த வரியை மாற்றுங்கள். ‘லேசரின் அலைநீளத்தை மட்டும் அனுமதித்து, அதோடு சேர்ந்து நகரும்படி அமைத்த வடிகட்டி’ என்று போட்டால் போதும். கட்டுரையாளர் விரும்பினால் என்னிடம் இருக்கும் அந்தப் பழைய ஃபில்டரை அனுப்பிவைக்கிறேன். தேமல் பாதிக்கு மேல் ஏறிக் கழித்துவிட்டார்கள். இரும்புப் பெட்டியில், பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் 30 வருட வாசகன்,
ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர்,
வத்திராயிருப்பு.

பி.கு.: கடிதம் நீண்டுவிட்டது, வெட்டுவீர்கள் என்று தெரியும். வெட்டுவதாக இருந்தால் தீக்குச்சிக் கதையை வெட்டுங்கள். 1928 பத்தியில் கை வைக்க வேண்டாம்.